14.99

2004இல் முதல்முறையா சிங்கப்பூருக்கு விமானம் ஏறினேன். சென்னையிலிருந்து ராத்திரி ஃப்ளைட். பக்கத்து சீட்டில் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருத்தர். கட்டுமான வேலை, லீவு முடிஞ்சு திரும்பிப் போறார். இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது ஆளுக்கொரு வெள்ளை அட்டை கொடுத்தாங்க. குடிநுழைவு அட்டை. "தம்பி, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுத்துருங்களேன், கண்ணாடி மேல் பையில மாட்டிக்கிச்சு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அட்டையில் சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும். அந்தக் காலத்தில் போனவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். (2020இல் அந்த அட்டையை நிறுத்திட்டாங்க, இப்போ எல்லாம் ஆன்லைன்தான்.) அண்ணன் விரலை வைத்துக் கேட்டார், "அதென்ன தம்பி செவப்புல?"

"போதைப்பொருள் கடத்துனா மரண தண்டனைன்னு போட்டிருக்குண்ணே."

சிரிச்சார். "நம்ம பையில நார்த்தங்கா ஊறுகாயும் பருப்புப் பொடியுந்தான் இருக்கு." கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்தவர் திரும்பவும் கேட்டார். "எவ்ளோ இருந்தா தூக்கு?"

எனக்குத் தெரியலை. அவருக்கு ஆறு வருஷமா தெரியலை. அவர் கேட்டது மட்டும் என் மண்டைக்குள்ள தங்கிடுச்சு. அப்புறம் அங்கே வேலை பார்த்த வருஷங்களில் பேப்பரில் வர்ற வழக்குகளைக் கத்தரிச்சு வைக்கிற கெட்ட பழக்கம் வந்தது. ஊர் திரும்பின பிறகும் விடலை. இந்தப் பதிவு அந்தக் கத்தரிப்புகளிலிருந்து வந்ததுதான். நான் வக்கீல் இல்லை. சட்டம் படிச்சவங்க யாராவது படிச்சா தப்பைச் சொல்லுங்க, திருத்திடறேன்.

சரி, கேள்விக்குப் பதில். ஹெராயின் என்றால் 15 கிராமுக்கு மேல். கஞ்சா என்றால் 500 கிராமுக்கு மேல். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் 1973இல் வந்தது, தூக்கு அதில் 1975இல் சேர்ந்தது. ஹெராயினில் அவங்க எடை போடுவது பொட்டலத்தை இல்லை. ஆய்வுக்கூடத்தில் சோதிச்சு, அந்தப் பொடிக்குள் சுத்தமான டயமார்ஃபின் எவ்வளவு இருக்குன்னு பார்ப்பாங்க. அது 15 கிராமைத் தாண்டணும்.

நம்ம கணக்கில் சொன்னா ஒரு பவுன் 8 கிராம். ரெண்டு பவுன் சங்கிலிக்கு ஒரு கிராம் குறைவு. அவ்வளவுதான் கோடு.

இந்தக் கோட்டுக்குக் கீழே ஒரு விசித்திரமான எண் இருக்கு. சிங்கப்பூர் நீதிமன்றச் செய்திகளில் திரும்பத் திரும்ப "14.99 கிராமுக்குக் குறையாத டயமார்ஃபின்" என்று ஒரு குற்றச்சாட்டு வரும். முதலில் படிச்சப்போ என்னடா இது, கடத்தறவன் எல்லாம் நகைக்கடைத் தராசு வச்சு அளந்தா கொண்டுவர்றான்னு நினைச்சேன். விஷயம் வேற. பிடிபட்டது 20 கிராமோ 30 கிராமோ இருக்கும். அரசுத் தரப்பு, இந்த ஆளுக்குத் தூக்கு வேண்டாம் என்று முடிவு பண்ணினா குற்றச்சாட்டில் 14.99 என்று எழுதும். உடனே அது உயிர் போகாத வழக்கு. குறைஞ்சது 20 வருஷம் சிறை, 15 பிரம்படி. குற்றச்சாட்டைக் குறைக்கலைன்னா, குற்றம் நிரூபணமான பிறகு நீதிபதிக்குத் தூக்கைத் தவிர வேற வழி கிடையாது. (2013 வரைக்கும் இதுதான் நிலைமை. அப்புறம் ஒரு சின்ன சன்னல் திறந்தது, வர்றேன்.)

ஒரு குன்றிமணி 120 மில்லிகிராம் எடை இருக்கும். 0.01 கிராம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. எங்க ஊர் பத்தர் இதைச் சேதாரத்தில்கூடச் சேர்க்க மாட்டார்.

இங்கேதான் மேல்முறையீடு என்கிற விஷயம் சிக்கலாகுது. சாதாரணமா ஒரு தண்டனை அதிகம்னு அப்பீல் போறவங்க என்ன சொல்வாங்க? என் கட்சிக்காரருக்கு வயசு குறைவு, முதல் குற்றம், ஏழ்மை, யாரோ ஏவி விட்டது, உண்மையை ஒத்துக்கிட்டார், அதனால் 10 வருஷம் அதிகம், 6 வருஷம் போதும். மேல்கோர்ட் அதைக் கேட்டு, கீழ்க்கோர்ட் நீதிபதி அளவுக்கு மீறிப் போயிட்டாரான்னு பார்க்கும். ஆனா கீழ்க்கோர்ட் நீதிபதியே அளக்கவில்லை என்றால்? தராசு அளந்தது, சட்டம் தீர்ப்பு சொன்னது, அவர் வாசிச்சார். அதிகம் குறைவு பார்த்த ஆளே இல்லாத இடத்தில் அதிகம்னு யார்கிட்டே போய்ச் சொல்றது?

அதனால்தான் சிங்கப்பூர் மரண தண்டனை வழக்குகளில் "தண்டனை அதிகம்" என்ற வாதம் எப்பவும் நேர் வழியில் வராது. எடை தப்பு, எனக்குத் தெரியாது, விற்க இல்லை சொந்த உபயோகத்துக்கு, இல்லாட்டி சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம், இப்படிச் சுத்தித்தான் வரும். இதிலும் அனுமானம் என்று ஒன்று இருக்கு. 2 கிராமுக்கு மேல் ஹெராயின் வச்சிருந்தா அது விற்கத்தான் என்று சட்டமே எடுத்துக்கும். கையில் இருந்த பொருள் என்னன்னு உனக்குத் தெரியும் என்றும் எடுத்துக்கும். இல்லைன்னு நிரூபிக்கிறது மாட்டினவர் பொறுப்பு.

முதல் பெரிய அப்பீல் ஓங் ஆ சுவான் வழக்கு. அப்போ சிங்கப்பூர்க்காரங்களுக்குக் கடைசி நீதிமன்றம் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். (1994 வரைக்கும் இந்தத் தொடர்பு இருந்தது.) ஓங் ஆ சுவானிடம் கிட்டத்தட்ட 210 கிராம் ஹெராயின், கூடவே அப்பீல் போன கோ சாய் செங்கிடம் 1,256 கிராம். அவங்க வக்கீல் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை 15 கிராமுக்கு மேல் கொண்டுபோன கூலிக்காரனுக்கும், மூட்டை மூட்டையா விற்கிற முதலாளிக்கும் ஒரே தண்டனையா? சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் வேறுவேறு ஆட்களை வேறுவேறா பார்க்க வேண்டாமா?

1980 அக்டோபரில் டிப்லாக் பிரபு தீர்ப்பு சொன்னார். தள்ளுபடி. சுருக்கமா அவர் சொன்னது இது. போதைப் பழக்கத்தைத் தடுக்க வியாபாரத்தை ஒழிக்கணும் என்பது சட்டத்தின் நோக்கம். அதிக அளவில் விற்பவன் வியாபாரத்தில் மேலே இருப்பவன் என்று சட்டம் இயற்றுபவர்கள் நினைப்பது நியாயமான காரணம்தான். கோடு எங்கே போடணும் என்பது அவங்க வேலை, கோர்ட் வேலை இல்லை. கட்டாயத் தூக்கு என்பது உலகத்தில் இல்லாத அதிசயமும் இல்லை. ரொம்பக் கடுமையா இருக்கும் இடத்தில் கருணை மனு இருக்கு.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க.

அந்தத் தீர்ப்பு வந்து மூணு வருஷத்தில் நம்ம உச்ச நீதிமன்றம் மித்து வழக்கில் (1983) நேர் எதிரா போனது. ஆயுள் தண்டனையில் இருப்பவர் கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்று சொன்ன 303ஆம் பிரிவையே செல்லாதுன்னு தூக்கிப் போட்டாங்க. 2002இல் அதே பிரிவி கவுன்சில், பெலிஸ் நாட்டு வழக்கு ஒன்றில், கட்டாயத் தூக்கு மனிதத்தன்மையற்றது என்று சொல்லிடுச்சு. ஆனா அதற்குள் சிங்கப்பூர் அந்தக் கதவைச் சாத்தி எட்டு வருஷம் ஆகியிருந்தது. லண்டனில் மனசு மாறினாலும் ஓங் ஆ சுவான் தீர்ப்பு சிங்கப்பூரில் மாறாமல் அப்படியே நின்னது.

நான் அங்கே இருந்தப்போ நடந்தது சண்முகம் முருகேசு வழக்கு. சிங்கப்பூர்த் தமிழர். ராணுவத்தில் இருந்தவர், நீர்ச்சறுக்கு ஸ்கூட்டர் போட்டியில் நாட்டுக்காக உலகப் போட்டிவரை போனவர், பிறகு கண்ணாடி துடைக்கிற வேலை. ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதல் கஞ்சாவோடு 2003இல் பிடிபட்டார். 14 வயசு இரட்டைப் பையன்கள். அவங்க ரோட்டில் நின்னு ஜனங்க கையெழுத்து கேட்டதா படிச்சேன். வழக்கறிஞர் எம்.ரவி கடைசி வரைக்கும் ஓடினார். 2005 மே 13, வெள்ளிக்கிழமை விடியற்காலை முடிஞ்சது.

அன்னைக்குத் தேக்கா பக்கம் ஒரு டீக்கடையில் இது பற்றிப் பேச்சு வந்தது. ஒரு பெரியவர் ரொம்ப நிதானமா சொன்னார். "தம்பி, உங்களுக்கு அந்தக் காலம் தெரியாது. என் அண்ணன் மகனை அபின்தான் கொன்னுச்சு. இந்தச் சட்டம் வந்தப்புறம்தான் நாங்க புள்ளைங்களை ராத்திரி வெளியே விட்டோம்." அவர்கிட்டே நான் வாதாடலை. இப்பவும் அவர் சொன்னதைப் பொய்னு சொல்ல மாட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஊரில் பயமில்லாமல் நடந்தவன் நான். கடத்தினவங்களை மாலை போட்டு அனுப்பணும்னு இந்தப் பதிவு சொல்லலை. எனக்கு உறுத்தறது வேற. ஒரு மனுசன் உயிரை எடுக்கறதுக்கு முன்னாடி அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கும் அதிகாரம் யார்கிட்டே இருக்கு என்பதுதான்.

அடுத்து யோங் வுய் கோங். சபாவிலிருந்து வந்த மலேசியச் சீனப் பையன். 2007 ஜூனில் பிடிபட்டபோது வயசு 19. 47.27 கிராம். விசாரித்த நீதிபதியே அரசுத் தரப்பிடம், வயசைப் பார்த்துக் குற்றச்சாட்டைக் குறைக்க முடியுமான்னு கேட்டுப் பார்த்தார். முடியாதுன்னுட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, நீதிபதி கேட்கிறார், வக்கீல் மறுக்கிறார். 14.99 என்று எழுதும் பேனா யார் கையில் இருக்குன்னு புரிய இதைவிட வேற உதாரணம் வேண்டாம்.

பையன் சிறையில் பௌத்தத்தில் ஈடுபட்டு, பொய் சொல்லித் தப்பிக்க மாட்டேன்னு அப்பீலையே வாபஸ் வாங்கிட்டான். கருணை மனு தள்ளுபடி. 2009 டிசம்பர் 4 தேதி குறிச்சாச்சு. ரெண்டு நாள் இருக்கும்போது எம்.ரவி உள்ளே வந்து தடை வாங்கினார். வாபஸ் வாங்கின அப்பீல் திரும்ப உயிர் பெற்றது.

2010 மே மாதத் தீர்ப்பை நான் முழுசா படிச்சேன். பெரிய தீர்ப்பு. மித்து வழக்கு, பெலிஸ் வழக்கு எல்லாத்தையும் எடுத்து வச்சு ரவி வாதாடினார். நீதிமன்றம் ஒவ்வொன்றாகத் தள்ளியது. அதில் ஒரு இடம் எனக்குப் புதுசு. 1966இல் தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஓர் அரசியலமைப்பு ஆணையம் இருந்தது. சித்திரவதை, மனிதத்தன்மையற்ற தண்டனை கூடாது என்று அரசியலமைப்பில் ஒரு பிரிவு சேர்க்கலாம்னு அவங்க பரிந்துரை செய்தாங்க. அரசாங்கம் சேர்க்கலை. வேண்டும்னே விட்ட ஒன்றை 40 வருஷம் கழிச்சு நாங்க வியாக்கியானத்தால் உள்ளே கொண்டுவர முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை. பெலிஸ் அரசியலமைப்பில் அந்த வார்த்தைகள் எழுதியிருந்தது, இங்கே எழுதலை. தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. 1969இல் யாரோ ஒரு பரிந்துரையை ஓரமா வச்சதால், அப்போ பிறக்காத ஒரு பையனுக்கு 2010இல் கதவு இல்லை.

டிப்லாக் பிரபு சொன்ன கருணை மனு? அதற்கும் ஒரு வழக்கு போட்டாங்க. 2011 ஏப்ரலில் தீர்ப்பு. ஜனாதிபதி தன் இஷ்டத்துக்குக் கருணை காட்ட முடியாது, அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்கணும். அதாவது சட்டம் கொண்டுவந்த அரசாங்கம், குற்றச்சாட்டைத் தீர்மானிப்பது அரசுத் தரப்பு, கடைசியில் கருணைக்கு ஆலோசனை சொல்வதும் அரசாங்கம். நடுவில் நீதிபதி, கையில் தராசு சீட்டு. பாதுகாப்பு வால்வு என்று 1980இல் காட்டினதைத் திறந்து பார்த்தா சுத்தி வந்து அதே அறை.

ஆனாலும் யோங் பிழைச்சான். கோர்ட்டில் ஜெயிச்சு இல்லை. 2011இல் அரசாங்கமே தூக்குகளை நிறுத்தி வச்சு சட்டத்தை மறுபரிசீலனை செய்தது. 2012 நவம்பரில் திருத்தம், 2013 ஜனவரி 1 முதல் அமல். நான் முன்னாடி சொன்ன சின்ன சன்னல் இதுதான். ரெண்டு பக்கம் திறக்கும். ரெண்டுக்கும் முதல் நிபந்தனை, நீ வெறும் கூரியராக இருக்கணும். பொருளை இங்கிருந்து அங்கே கொண்டுபோனதைத் தவிர வேற வேலை செய்திருக்கக் கூடாது. பிறகு, ஒன்று, போதைப்பொருள் ஒழிப்புத் துறைக்குக் கணிசமா உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழ் தரணும். தந்தா நீதிபதி தூக்குக்குப் பதில் ஆயுளும் 15 பிரம்படியும் கொடுக்கலாம். இல்லாட்டி, மனநிலைக் கோளாறால் பொறுப்புணர்வு வெகுவாகக் குறைஞ்சிருந்தது என்று நிரூபிக்கணும். நிரூபிச்சா ஆயுள், பிரம்படி கிடையாது.

யோங்குக்குச் சான்றிதழ் கிடைச்சது. 2013 நவம்பரில் தூக்கு போய் ஆயுளும் 15 பிரம்படியும் ஆச்சு. (பிரம்படியையும் எதிர்த்து அப்பீல் போனார். 2015இல் தள்ளுபடி.)

நல்ல முடிவுன்னுதான் அப்போ நானும் நினைச்சேன். கொஞ்ச நாள் கழிச்சுதான் இன்னொரு பக்கம் புரிஞ்சது. உதவி என்றால் என்ன? மேலே இருக்கிறவனைக் காட்டிக் கொடுக்கும் தகவல். கூலிக்குப் பொட்டலம் சுமக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஒரு பட்டப்பேர், ஒரு போன் நம்பர். அது செத்துப்போன நம்பரா இருந்தா? அதிகம் தெரிஞ்சவன் பிழைப்பான், ஒன்றும் தெரியாதவன் சாவான். தனக்குத் தெரியவே தெரியாதுன்னு வாதாடறவன் பாடு இன்னும் மோசம். சொல்லிக் கொடுக்க அவனிடம் எதுவும் இல்லை.

பிரபாகரன் ஸ்ரீவிஜயன் அப்படித்தான். மலேசியத் தமிழர், 22.24 கிராம், ஓட்டி வந்த காரின் கைவைக்கும் பெட்டிக்குள் இருந்தது. கார் இரவல் வாங்கினது, உள்ளே இருந்தது எனக்குத் தெரியாதுன்னு கடைசி வரை சொன்னார். அரசுத் தரப்பு சான்றிதழ் கொடுத்தா உயிர், கொடுக்காட்டி தூக்கு என்றால் தண்டனை தருவது நீதிபதியா வக்கீலா, இது அதிகாரப் பிரிவினைக்கு விரோதம் என்று அவர் போட்ட வழக்கு 2016இல் தள்ளுபடி ஆனது. சான்றிதழ் தர மறுத்ததை எதிர்த்தும் பெரிசா ஒன்றும் செய்ய முடியாது. கெட்ட எண்ணத்தோடு மறுத்தாங்கன்னு நிரூபிக்கணும், அது நடக்கிற காரியமா? 2017 ஜூலை 14, சாங்கி சிறை.

இதுக்கு நடுவில் ஒரே ஒரு வழக்கு என்னை நிமிர்ந்து உட்கார வச்சது. கோபி அவேடியன். இவரும் மலேசியத் தமிழர். மகள் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேணும். சாக்லேட் கலந்த டிஸ்கோ மாத்திரை மாதிரி லேசான சரக்குன்னு சொன்னதை நம்பினேன் என்றார். 2014 டிசம்பரில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பிடிபட்டார். 40.22 கிராம் ஹெராயின். உயர் நீதிமன்ற நீதிபதி அவர் சொன்னதை நம்பி, குறைந்த குற்றத்துக்கு 15 வருஷமும் 10 பிரம்படியும் கொடுத்தார். அரசுத் தரப்பு அப்பீல் போச்சு. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்காக மாத்தியது. அப்பீல் என்பது ரெண்டு பக்கமும் வெட்டும் என்பதை நாம் மறந்துடறோம்.

அடுத்த வருஷம் வேறொருத்தர் வழக்கில் அதே நீதிமன்றம், உண்மையில் தெரிஞ்சிருப்பது வேற, தெரிஞ்சுக்காமல் கண்ணை மூடிக்கொள்வது வேற என்று சட்டத்தைத் தெளிவுபடுத்தியது. அதைப் பிடிச்சுக்கிட்டு ரவி, முடிஞ்சுபோன கோபி வழக்கைத் திரும்பத் திறக்கச் சொன்னார். முடிஞ்ச கிரிமினல் வழக்கைத் திறக்கறது லேசில் நடக்காது. 2020 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, தாங்கள் கொடுத்த தூக்கைத் தாங்களே ரத்து செய்து, பழைய 15 வருஷத்தை நிறுத்தினாங்க. தப்பை ஒத்துக்க ஒரு நீதிமன்றத்துக்கு மனசு வேணும், அதற்கு என் வணக்கம். கூடவே ஒரு நடுக்கமும். இடையில் தேதி குறிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரெண்டு வருஷம் அந்த மனுசன் அந்த அறையில் இருந்தார்.

இனி நாகேந்திரன் தர்மலிங்கம். ஈப்போ பையன். 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸில் பிடிபட்டபோது 21 வயசு. தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம். 2010இல் தூக்கு, 2011இல் அப்பீல் தள்ளுபடி. 2013 திருத்தம் வந்ததும் சன்னலின் ரெண்டு பக்கமும் தட்டினார். சான்றிதழ் கிடைக்கலை. மனநிலை? அவருடைய ஐ.க்யூ 69. நூறு சராசரி. அறிவுத்திறன் எல்லைக்கோட்டில் இருக்கு என்பதை நீதிமன்றமும் மறுக்கலை. ஆனால் சட்டத்துக்கு அது போதாது. 2019 தீர்ப்பில் ஒரு விவரம். சோதனைச்சாவடியில் அதிகாரிகள் தேட வந்தபோது "நான் சிங்கப்பூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன்" என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாராம். செக்யூரிட்டி என்றால் நம்புவாங்க என்று கணக்குப் போடத் தெரிந்திருக்கிறது, ஆகவே தான் செய்வது என்னன்னு தெரிந்துதான் செய்திருக்கிறார் என்று நீதிமன்றம் எடுத்துக்கிட்டது.

இதைப் படிச்சப்போ எனக்கு எங்க தெருவில் இருந்த ஒரு பையன் ஞாபகம் வந்தான். எட்டாம் வகுப்பில் மூணு தடவை நின்னவன். திண்பண்டத்தைத் திருடிட்டு மாட்டினா "அம்மாதான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்பான். அந்தப் பொய் சொல்ல அவனுக்கும் தெரியும். பொய் சொல்லத் தெரிந்ததும் உயிருக்குப் பொறுப்பேற்கும் அளவு விவரம் இருப்பதும் ஒன்றுதானா? நீதிமன்றம் ஆமான்னது. எனக்கு இன்னும் ஒட்டலை.

2021 நவம்பர் 10 தேதி குறிச்சாங்க. கொரோனா வந்து தள்ளிப்போனது. வழக்கு மேல் வழக்கு. 2022 மார்ச்சில் இது நீதிமன்ற நடைமுறையை அப்பட்டமாகத் துஷ்பிரயோகம் செய்வது என்று தலைமை நீதிபதி கடிந்துகொண்டார். ஏப்ரல் 26 அன்று அம்மா கடைசியா ஒரு மனு போட்டார். அதுவும் போச்சு. அப்போ நாகேந்திரன் கேட்டது ஒன்றுதான். குடும்பத்தோடு கொஞ்ச நேரம். அனுமதிச்சாங்க. கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "மா" என்று அழுத குரல் நீதிமன்ற அறைக்கு வெளியே வரை கேட்டதா செய்தியில் இருந்தது. மறுநாள் விடியற்காலை தூக்கு.

அந்த நவம்பரிலேயே, அப்பீல் முடிஞ்ச பிறகு கடைசி நேரத்தில் மனு போட முன் அனுமதி வேணும்னு ஒரு சட்டம் நிறைவேறியது. 2024 ஜூனில் அமலுக்கு வந்தது. கோபி வழக்கு திறந்ததும் அப்பீல் முடிஞ்ச பிறகுதான் என்பதை மட்டும் சொல்லிக்கிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவிலும் ஹெராயினுக்கு அதே 15 கிராம்தான் கோடு. 1983லிருந்து கட்டாயத் தூக்கு. ஆனா 2023 ஜூலையில் கட்டாயம் என்பதை எடுத்துட்டாங்க. தூக்கு இன்னும் சட்டத்தில் இருக்கு, கொடுக்கணுமா வேண்டாமா என்பது நீதிபதி கையில். ஏற்கெனவே எல்லா அப்பீலும் முடிஞ்சு காத்துக்கிடந்தவங்களும் திரும்பப் போய் என் தண்டனையைப் பாருங்கன்னு கேட்கலாம்னு தனியா ஒரு சட்டமே போட்டாங்க. நூற்றுக்கணக்கான பேருக்கு முதல்முறையா ஒரு நீதிபதி வயசு என்ன, எப்படி மாட்டினே, இத்தனை வருஷம் உள்ளே எப்படி இருந்தேன்னு கேட்டார். அந்த நாடு அதனால் ஒன்றும் கவிழ்ந்து போகலை.

பன்னீர் செல்வம் பரந்தாமன் மலேசியர்தான், ஆனா மாட்டினது பாலத்துக்கு இந்தப் பக்கம். 2014, உட்லண்ட்ஸ், 51.84 கிராம். கூரியர்தான் என்று விசாரித்த நீதிபதியே சொன்னார். சான்றிதழ் கிடைக்கலை. உள்ளே இருந்தபடி பாட்டும் கவிதையும் எழுதினார், அக்கா தங்கச்சிகள் வெளியே கொண்டுவந்தாங்க. 2019 மே மாதம் தேதி குறிச்சுத் தள்ளிப்போனது. 2025 பிப்ரவரியில் குறிச்சுத் தள்ளிப்போனது. மூணாவது தேதி 2025 அக்டோபர் 8. அது தள்ளிப்போகலை.

பட்டுக்கோட்டை அண்ணனை அப்புறம் ஒரே ஒரு தடவை தேக்காவில் பார்த்தேன். கையில் ரெண்டு பை நிறைய காய்கறி. என்னை அடையாளம் தெரிஞ்சு "தம்பி, நல்லாருக்கீங்களா" என்றார். அவர் அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் எனக்கு அதுக்குள் தெரிஞ்சிருந்தது. சொல்லலை. ஊர்ல மழை உண்டான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.